நாலு வளையல் போட்ட வாத்து ஊதல்

லிட்டில் ராக் நகரத்தை விட்டுக் கிழக்கே கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கார் கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

"வெளியே குளிருது அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"கொஞ்ச நேரம்தான் மாப்பிள்ளை. வயல் வாசனை வருது."

அறுப்பு முடிந்த வயலில் தண்ணீர் நின்றால் ஒரு வாசனை வருமே, தாளும் சேறும் கலந்து, அதேதான். அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு மாதமாக மகள் வீட்டில் ஹீட்டர் காற்றையே சுவாசித்துக்கொண்டிருந்த மூக்குக்கு அது பெரிய விருந்தாக இருந்தது. அமெரிக்காவில் நெல் வயல் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. மாப்பிள்ளைதான் சொன்னார், இந்த நாட்டில் விளைகிற நெல்லில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாஸ் மாநிலத்தில் விளைகிறதாம்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரின் பெயர் ஸ்டட்கர்ட். ஜெர்மனியில் இருக்கிற பெரிய நகரத்தின் பெயர்தான். 1878இல் ஆடம் பர்க்கல் என்ற லூத்தரன் பாதிரியார் ஜெர்மானியக் குடும்பங்களை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார். தாய்நாட்டின் நினைவாகவே இந்தப் பெயர். மக்கள்தொகை சுமார் 8,000. நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஆனால் நவம்பர் கடைசி வாரத்தில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. வாத்து மாதிரிக் கத்துவதில் உலகப் போட்டி அந்த வாரத்தில் நடக்கிறது!

நெல்லும் வாத்தும்

இந்தச் சமவெளிக்குக் 'கிராண்ட் ப்ரெய்ரி' என்று பெயர். மேல் மண்ணுக்குக் கீழே கெட்டியான களிமண் தட்டு. தண்ணீரைக் கீழே இறங்க விடாது. வேறு பயிருக்குத் தொல்லையான இந்த மண் நெல்லுக்கு வரமாக அமைந்துவிட்டது. 1904இல் டபிள்யூ. ஹெச். ஃபுல்லர் என்ற விவசாயி இந்தப் பக்கத்தில் நெல் போட்டு நல்ல மகசூல் எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 1921இல் விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த ரைஸ்லேண்ட் கூட்டுறவு நிறுவனத்துக்கு ஸ்டட்கர்ட்தான் தலைமையிடம். ஊருக்குள் நுழையும்போதே அதன் நெல் சேமிப்புக் கோபுரங்கள் வரவேற்கின்றன.

நெல் வந்தால் பறவை வராமல் இருக்குமா? கனடாவிலும் வடக்கு மாநிலங்களிலும் பனி இறுகியதும் லட்சக்கணக்கான வாத்துகள் மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே பறந்து வருகின்றன. அறுப்பில் சிந்திய நெல்மணி, தண்ணீர் நிற்கும் வயல், வெள்ளம் சூழ்ந்த ஓக் மரக்காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகள் என்று இங்கே அவற்றுக்கு எல்லாம் தயாராக இருக்கும். ஆணுக்குப் பச்சைத் தலை பளபளக்கும் 'மல்லார்ட்' வாத்துதான் இவற்றில் ராஜா. "நெல்லுக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகரம்" என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வாத்து வந்தால் வேட்டைக்காரரும் வருவார். முன்பெல்லாம் பழக்கிய வாத்துகளைத் தண்ணீரில் கட்டிப்போட்டு அவற்றின் சத்தத்தால் காட்டு வாத்துகளை இறக்குவார்களாம். 1935இல் அமெரிக்க அரசு இதற்குத் தடை போட்டது. அப்புறம் மனிதன்தான் கத்த வேண்டியிருந்தது. மறு வருஷமே, 1936இல், இந்த ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில் முதல் போட்டி நடந்தது. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்த தாமஸ் வால்ஷ் என்பவர் ஜெயித்தார். பரிசு 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு!

நாங்கள் போன சனிக்கிழமை அதே மெயின் ஸ்ட்ரீட்டில் மேடை போட்டிருந்தார்கள். சுற்றிலும் நம்ம ஊர்க் கொடை விழா மாதிரிக் கடைகள். மேடைக்கு ஒவ்வொருவராக வந்து 90 வினாடிக்குள் தங்கள் வித்தையைக் காட்ட வேண்டும். முதலில் வானத்தில் தூரத்தில் போகிற கூட்டத்தைக் கூப்பிடும் நீண்ட கூவல். பிறகு "இங்கே நல்ல இரை இருக்கு" என்று சொல்லும் கொறிக்கிற மாதிரியான பேச்சு. திரும்பிப் போகப் பார்க்கும் கூட்டத்தை "போகாதே, வா" என்று கெஞ்சும் கூவல். நடுவர்கள் மறைப்புக்குப் பின்னால் இருப்பார்கள். யார் ஊதுகிறார் என்று தெரியக்கூடாது. காதுக்கு மட்டும்தான் மார்க்கு.

இந்தப் போட்டியில் ஒரே ஒரு பெண்தான் உலகப் பட்டம் ஜெயித்திருக்கிறார். பேட் பீகாக். அதுவும் 1955, 1956 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம். அவர் சிக் மேஜர் என்ற ஊதல் கலைஞரின் குடும்பத்துப் பெண். மேஜர் 1945இல் பட்டம் வாங்கியவர், வீட்டிலேயே ஊதல் கடைந்து விற்றவர். அவரிடம் சிறுவனாகப் போய்க் கற்றுக்கொண்ட புட்ச் ரிச்சன்பேக் 1972இல் பட்டம் வாங்கி, 1976இல் சொந்தமாக ஊதல் தயாரிக்க ஆரம்பித்தார். இப்படி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போன தொழில் இது.

'கடைந்து' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அப்பா கடைசல்காரர்.

பட்டறை வாசனை

அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் தெரியாத தமிழ்க் குழந்தை முன்பு உண்டா? சின்ன அடுப்பு, ஆட்டுக்கல், தோசைக்கல், குடம். மஞ்சக்கடம்புக் கட்டையைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் சூட்டில் உருகிச் சிவப்பும் மஞ்சளுமாக ஏறிக்கொள்ளும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. மோட்டார் வருவதற்கு முன்னால் கயிறு இழுத்துத்தான் கட்டையைச் சுழற்ற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கயிறு இழுப்பது என் வேலை. அந்தப் பட்டறை இப்போது இல்லை. தம்பி அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அப்பா ஸ்டட்கர்ட்டுக்குப் பத்து மைல் தள்ளி ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறார். வாத்து ஊதல் கடைகிறவர். என் கதையைக் கேட்டு அந்தப் பெண்ணே "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். போட்டி பார்த்த மறுவாரம் போனோம்.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நெல் உலர்த்தும் மில்லில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதிலும் கேட்கும் கருவி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் பட்டறை. கதவைத் திறந்ததும் மரச்சுருள் வாசனை முகத்தில் அடித்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மகள் என் தோளைத் தொட்டாள்.

கையில் ஒரு ஊதலைக் கொடுத்துப் பிரித்துக் காட்டினார். இரண்டே துண்டு. கையில் பிடிக்கும் குழல் ஒன்று. அதன் வாயில் செருகும் அடைப்பு இன்னொன்று. அடைப்பின் உள்முனையில் லேசாக வளைந்த ஒரு பலகை, அதன்மேல் காகிதத்தைவிடக் கொஞ்சம் தடித்த மைலார் பிளாஸ்டிக் தகடு, அது நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கார்க்குத் துண்டு. குழலில் ஊதும் காற்று தகட்டை அந்த வளைவின்மேல் படபடவென்று அடிக்க வைக்கிறது. அதுதான் வாத்தின் குரல்.

"சீவாளிதானே இது!" என்றேன்.

மகள் செல்போனில் நாகஸ்வரத்தைக் காட்டி விளக்கினாள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து, துளை போட்டு, நாணல் சீவாளி பொருத்துகிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தாள். நம்முடையது இரண்டு நாணல் இதழ், இவருடையது ஒற்றைத் தகடு. பெரியவர் ஒரு நிமிஷம் நாகஸ்வரம் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "இதைக் கேட்டா என் வாத்தெல்லாம் கனடாவுக்கே திரும்பிப் போயிடும்" என்றார்.

ரம்பம் தின்றதைத் திருப்பிக் கொடுப்பது

அலமாரியில் வரிசையாக ஊதல்கள். அதில் ஒன்றைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. கறுப்பு வால்நட் குழலின் நடுவில், வெளிர் நிறக் கோடுகள் ஒன்றையொன்று பின்னிப் பின்னிச் சுற்றி வந்தன. அசல் சிக்குக் கோலம்! மார்கழி வாசலில் புள்ளிகளைச் சுற்றி வளைத்துப் போடும் கம்பி, மரத்துக்குள் எப்படிப் போனது?

இதற்குக் 'கெல்டிக் முடிச்சு' என்று பெயராம். அயர்லாந்தில் 1,200 வருஷத்துக்கு முந்தைய 'புக் ஆஃப் கெல்ஸ்' என்ற கையெழுத்துச் சுவடியில் இப்படிப் பின்னல் பின்னலாக வரைந்திருக்கிறார்கள். அந்தச் சாயலில் இருப்பதால் மரம் கடைகிறவர்கள் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

செய்யும் விதத்தைக் காட்டினார். ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டை. அதன் நடுவில் 45 டிகிரி சாய்வாக ரம்பத்தால் அறுக்கிறார். முழுக்க அறுப்பதில்லை. கடைசியில் ஒரு நூல் மரத்தை விட்டுவைக்கிறார், இரண்டு பாதியும் விலகாமல் இருக்க. அந்த அறுப்புக்குள் வெளிர் நிற மேப்பிள் தகடு ஒன்றைப் பசை தடவிச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு ராத்திரி விடுகிறார். மறுநாள் கட்டையை வேறு முகத்துக்குத் திருப்பி, அதே இடத்தில், அதே சாய்வில் இன்னொரு அறுப்பு, இன்னொரு தகடு. இப்படி நாலு முகத்துக்கும் நாலு நாள். அப்புறம் நடுவில் துளை போட்டுக் கடைசலில் ஏற்றினால், சதுரம் உருளையாக உருளையாக, சாய்ந்து கிடந்த தகடுகள் ஒவ்வொன்றும் நீள்வட்டமாக வெளிப்படும். நாலும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பின்னல் மாதிரித் தெரியும்.

நான் அதை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கோலம் போடுகிற கை சும்மா இருக்குமா? ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஒரு சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. அடுத்த கோடும் அப்படியே.

"இது சிக்கே இல்லை. நாலு வளையல்!" என்றேன். "எங்க கோலத்துல ஒரே கம்பி எல்லாப் புள்ளியையும் சுத்திட்டு வரும். இதுல நாலு வளையலைச் சாய்ச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டியிருக்கீங்க. கடைசியா போட்ட வளையல்தான் எல்லா இடத்துலயும் மத்ததை வெட்டிட்டுப் போகுது."

மகள் மொழிபெயர்த்ததும் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "முப்பது பேருக்கு மேல கத்துக்கொடுத்திருக்கேன். வேலையைப் பார்க்காம, செஞ்ச சாமானைப் பார்த்தே எத்தனையாவது அறுப்பு எதுன்னு யாரும் சொன்னதில்லை" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இதில் சூட்சுமம் எங்கே என்று கேட்டேன். அவர் ரம்பத்தின் பல்லைத் தொட்டுக் காட்டினார். ரம்பம் அறுக்கும்போது தன் தடிமன் அளவுக்கு மரத்தைத் தின்றுவிடுகிறது. அவருடைய ரம்பம் தின்பது எட்டில் ஒரு அங்குலம், நம் ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல். செருகுகிற தகடும் சரியாக ஒரு நூல் இருக்க வேண்டும். தின்றதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடக் கொடுத்தால் இரண்டு பாதியும் விலகி, முன்னால் போட்ட வளையல்கள் நேர்கோட்டில் சேராது. குறைத்துக் கொடுத்தாலும் அதே கதி. வாங்கினதுக்கும் கொடுத்ததுக்கும் கணக்குச் சரியாக இருந்தால்தான் வளையல் வளையலாகச் சேரும்.

அதற்கு மேல் எவ்வளவு நேரம் பட்டறையில் இருந்தோம் என்றே தெரியவில்லை. மூன்று தகடு போட்டு முடித்த ஒரு கட்டையை எடுத்து, "நாலாவதை நீங்க போடுங்க" என்றார். இது வால்நட் இல்லை, மஞ்சள் நிறக் கட்டை. இந்தப் பக்கத்து முள்மரம். 'போடார்க்' என்கிறார்கள். வில் செய்யும் மரம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரின் மருவல். இங்கிருந்த ஒஸேஜ் பழங்குடியினர் இதில்தான் வில் செய்தார்களாம். மண்ணில் நட்டாலும் சுலபத்தில் உளுக்காது.

அவர் அறுத்துக் கொடுத்தார். நான் பசை தடவித் தகட்டைச் செருகினேன். கிளாம்ப் இறுக்கும்போது பழைய ஞாபகத்தில் கொஞ்சம் பலமாகத் திருகிவிட்டேன். விட்டுவைத்த அந்த ஒரு நூல் மரம் 'டக்'கென்று ஒடிந்தது. இரண்டு பாதியும் பசையில் வழுக்கி நகர்ந்தன. அவசரமாகச் சேர்த்துப் பிடித்தேன். அரை நூலாவது விலகியிருக்கும்.

"அப்பா இருந்திருந்தா தலையில குட்டியிருப்பார்" என்றேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கிளாம்பை அப்படியே இறுக்கி வைத்தார்.

காதும் கண்ணும்

இந்த முடிச்சு வாத்துக்குத் தெரியப்போகிறதா? பேத்திதான் கேட்டாள். ஏழு வயது. "ஆச்சி, வாத்து இதைப் பார்க்குமா?" குழந்தை கேட்டது நியாயம்தான். சத்தத்துக்கு இந்த வளையல்களால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால் தொல்லைதான். சதுப்பிலும் மழையிலும் கிடந்தால் ஒட்டின இடம் விட்டுப்போகலாம். அதனால் தண்ணீரில் இறங்குகிற பல வேட்டைக்காரர்கள் அக்ரிலிக் ஊதல்தான் வைத்துக்கொள்கிறார்கள். முடிச்சுப் போட்ட மர ஊதல் பெரும்பாலும் பரிசாக வாங்கப்பட்டு அலமாரிக்குப் போகிறது.

அப்படியானால் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. தன் பேத்தியைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வயதுப் பெண். அவள் ஒரு புது ஊதலை எடுத்து ஊதினாள். மூக்கைச் சுருக்கினாள். தகட்டைக் கழற்றி நுனியில் மயிரிழை அளவு வெட்டினாள். பலகையை நைஸான உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மாட்டி மறுபடி ஊதினாள். இந்தத் தடவை கட்டைவிரலை உயர்த்தினாள்.

"மேல்சுதி எனக்குக் கேட்காம போய் ஆறு வருஷமாச்சு" என்றார் பெரியவர். "மில்லு மெஷின் பாதி, துப்பாக்கி பாதி. இளவயசுல காதை மூடிக்கணும்னு யாரும் சொல்லலை. முன்னெல்லாம் ஒரு ஊதலை வாயில வெச்சதுமே எங்கே கோளாறுன்னு சொல்லிடுவேன். இப்போ நல்லதும் கெட்டதும் எனக்கு ஒண்ணுதான். சுதி சேர்க்கிற வேலை இவளுக்குப் போயிடுச்சு. எனக்குக் கண்ணு மட்டும் நல்லா இருக்கு. அதான் முடிச்சுப் போட ஆரம்பிச்சேன்."

பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கடைசிக் காலத்தில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. உளி மரத்தில் படும் சத்தத்தை வைத்தே கடைந்தார். சத்தம் கரகரத்தால் வளைவு சரியில்லை, சீராக வந்தால் சரி. வர்ணம் மட்டும் என்னைக் கேட்பார். "சிவப்பு சரியா ஏறிடுச்சா பாரும்மா." கல்யாணமாகி நான் திருநெல்வேலிக்குப் போன பிறகு யாரைக் கேட்டாரோ!

மகள் இதை மொழிபெயர்க்கப் பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கே இது புதுக் கதை. மீதியை மாப்பிள்ளைதான் சொல்லி முடித்தார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

வயலில் இறங்கிய கூட்டம்

பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வயலுக்கு அழைத்துப் போனார்கள். யார் கையிலும் துப்பாக்கி இல்லை. தண்ணீர் நின்ற தாள்களுக்கு நடுவே வரப்பில் குத்தவைத்தோம். வானத்தில் உயரே ஒரு கூட்டம் போனது. அந்தச் சிறுமி ஊதலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதினாள். கன்னத்தை உப்பி ஊதுவதில்லை. கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஆவி விடுவோமே, அந்த மாதிரி வயிற்றிலிருந்து விடும் காற்று.

கூட்டம் வளைந்தது. இன்னொரு கூவல். ஒரு வட்டம் அடித்துத் தாழ்ந்தது. பிறகு அவள் குரலைத் தணித்து டிக்கிட்டிக்கிட்டி என்று கொறித்தாள். இருபது முப்பது வாத்துகள் காலை முன்னே நீட்டி, சிறகை வளைத்து, எங்களுக்கு ஐம்பது அடி தள்ளித் தண்ணீரில் இறங்கின. பேத்தி என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு உள்ளூர ஒரு சங்கடம். அந்தச் சத்தம் பெட்டை வாத்தின் குரல். "நான் இங்கே பத்திரமாக இருக்கிறேன், வா" என்று அர்த்தம். அதை நம்பித்தான் இறங்குகின்றன. எங்கள் ஜில்லாவில் கூந்தங்குளம் என்று ஒரு ஊர் உண்டு. குளத்துக்கு வரும் பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். அவை பயந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். நானும் கோழிக் குழம்பு வைக்கிறவள்தான், பெரிய தர்மம் பேச வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

பெரியவர் மழுப்பவில்லை. "சுடுவேன். சுட்டதைச் சாப்பிடுவேன். ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல கூடாதுன்னு சட்டம்" என்றார். பர்ஸிலிருந்து ஒரு தபால்தலையைக் காட்டினார். நீர்ப்பறவை சுட விரும்புகிறவர் வருஷா வருஷம் 25 டாலர் கொடுத்து இந்த 'டக் ஸ்டாம்ப்' வாங்க வேண்டும். 1934இல் ஒரு டாலரில் ஆரம்பித்தது. அதில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் பாதுகாக்கவும் போகிறது. வேட்டைக்காரர் காசில்தான் பறவைகளுக்கு இத்தனை நிலம் மிஞ்சியிருக்கிறது என்பது அவர் வாதம். தின்றதைத் திருப்பிக் கொடுக்கிற அதே கணக்கு. எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

அன்று யாரும் சுடவில்லை. இருட்டும்வரை வாத்துகள் நெல் பொறுக்கின. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவர் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுத்துப் பாருங்கள்

ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தபோது மறுபடி போனோம். நான் கெடுத்த கட்டையை அவர் தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். கடைந்து, துளையிட்டு, மெருகேற்றி வைத்திருந்தார். சுதி சேர்த்தது பேத்தி. நாலாவது வளையல் தாண்டுகிற இடங்களில் மற்ற மூன்றும் அரை நூல் தடம் மாறித் தெரிந்தன. ஆனால் அதைவிட எனக்கு ஏமாற்றம் வேறு. மஞ்சள் கட்டையில் வெளிர் மேப்பிள் வளையல்கள் சரியாகக் கண்ணுக்கே படவில்லை. வால்நட்டில் பளிச்சென்று இருந்ததே!

முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "போடார்க் வெளிச்சம் பட்டா நிறம் மாறும். மேப்பிள் அவ்வளவா மாறாது. ஜன்னல்கிட்ட வெச்சுட்டுப் பொறுத்துப் பாருங்க" என்றார். நான் பையிலிருந்து அப்பா கடைந்த ஒரு சின்னக் குடத்தை எடுத்துக் கொடுத்தேன். பேத்தி விளையாடட்டும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்தது. அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் சுற்றிப் பார்த்தார். குடத்தின் கழுத்து வளைவில் விரலை ஓட்டி, "இதைக் கண்ணு தெரியாமலா கடைஞ்சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற நம்மவர்கள் நயாகராவும் நியூயார்க்கும் பார்த்த பிறகு, முடிந்தால் ஒரு நவம்பர் கடைசியில் இந்தப் பக்கம் போய் வாருங்கள். லிட்டில் ராக்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நன்றி நவிலல் நாளை ஒட்டிய வார இறுதியில் போட்டி. கிராண்ட் ப்ரெய்ரி அருங்காட்சியகத்தில் பழைய விவசாயக் கருவிகளோடு வாத்து ஊதல்களும் இருக்கின்றன. குளிருக்கு ஸ்வெட்டர் போதாது, கோட்டே வேண்டும். கார் கண்ணாடியை மட்டும் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள்.

நான் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊதலைத் திருநெல்வேலி வீட்டில் கிழக்கு ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். காலை வெயில் நேராக விழும். மஞ்சள் கட்டை முதலில் தேன் நிறமானது. இப்போது நல்ல பழுப்பு. அவர் சொன்ன மாதிரியே நாலு வளையலும் ஒவ்வொன்றாக மேலே வந்துவிட்டன. நான் கை நழுவவிட்ட அந்த அரை நூலும் இப்போது நன்றாகவே தெரிகிறது.